தபாலில் வந்த கூட்டம்

தேரிக்குளத்தில் படத்துக்குள்ளே நம் ஆட்கள் போய் நிற்க ஆரம்பித்தது ஒரு பனங்கிழங்குக் காலத்தில். எந்த நாள் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது, ஏனென்றால் முதலில் பார்த்தவன் அதைப் பெரிய காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐஸ் பேக்டரி பால்துரைதான் முதலில் பார்த்தான். செல்வின் கடையில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த படத்தையே, மச்சினன் வந்திருக்கிறான் என்று மறு வாரமும் எடுத்துப்போய்ப் போட்டபோது, தேர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் கதாநாயகன் ஓடுகிற இடத்தில், வடம் பிடிக்கிறவர்களுக்குப் பின்னால், போன வாரம் உடுத்தியிருந்த அதே கட்டம் போட்ட சாரத்தோடு, கையில் கடித்த முறுக்கோடு தானே நிற்பதைப் பார்த்தான். மச்சினனுக்குக் காட்டினான். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் முகம் நல்லா விழுந்திருக்கும் என்று மச்சினன் சொன்னான். அவ்வளவுதான் பேச்சு.

அதன்பிறகு ஒவ்வொரு வீடாக இதைக் கண்டுகொண்டார்கள். எழுத்துப் போடும்போது உட்கார்ந்து, கடைசியில் 'வணக்கம்' வரும் வரைக்கும் எழுந்திருக்காமலும் தூங்காமலும் ஒரு படத்தைப் பார்த்தவர் யாரானாலும், அந்த சி.டி.யை அடுத்தபடி எந்த வீட்டில் போட்டாலும், கூட்டம் கூடுகிற காட்சியில் போய் நின்றார்கள். சந்தைக் கூட்டம், கோர்ட்டுக் கூட்டம், ரயிலடிக் கூட்டம், எல்லாம் முடிந்த பிறகு போலீஸ் வருகிறதே, அந்தக் கூட்டம். அவர்கள் பேசவும் மாட்டார்கள், கை காட்டவும் மாட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல நிற்பார்கள். கூட்டமே இல்லாத படங்கள் செல்வின் கடையில் தூசி பிடித்துக் கிடந்தன. சனங்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு படம் பார்க்க உட்கார்ந்தார்கள். கோயிலில் குருவானவர், இது கண்களின் இச்சை என்று ரெண்டு ஞாயிறு பிரசங்கம் பண்ணினார். பிறகு ஒரு சண்டைப் படத்தில், கள்ளக்கடத்தல்காரனைக் கட்டி இழுத்துவரும் துறைமுகக் கூட்டத்தில், அவரே பனியனும் சாரமுமாக நிற்பதை ஊர் பார்த்தது. மூன்றாம் ஞாயிறு அவர் தாலந்துகளின் உவமைக்குப் போய்விட்டார்.

இன்னொன்றும் கண்டுகொண்டார்கள். ஒரு வீட்டார் தனித்தனி நாளில் பார்த்தாலும் உள்ளே ஒன்றாகத்தான் நின்றார்கள். மனசு விட்டுப்போனவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். இதனால் ரெண்டு கல்யாணப் பேச்சு நின்றது, ஒரு பாகப்பிரிவினை நடந்தது. ஆடியில் செத்துப்போன நாயகம் சாரை, ஒரு நீதிமன்றக் காட்சியில், வாயிலில் குடையோடு நிற்கிறதாகப் பார்த்து, அவருடைய சம்சாரம் சனிக்கிழமை தோறும் அந்தப் படத்தையே எடுத்துப் போனாள். செல்வின் அதை வேறு யாருக்கும் கொடுக்கிறதில்லை. கேட்டால் கீறல் விழுந்திருக்கு என்பான்.

பெண்கள் யாருமே அந்தக் கூட்டங்களில் இல்லை என்பதை வெகு நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில்தான், ஜெபம் முடிந்து காப்பி ஆறுகிற நேரத்தில், பாக்கியத்தாய் அதை எடுத்தாள். நம்ம ஆம்பிளைங்க நிக்காவ, பிள்ளைங்க நிக்கி, நம்மள ஒருத்தியையும் காணலியே என்றாள். எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். யோசிக்க என்ன இருக்கிறது? குக்கர் விசில் அடிக்கும், பால் பொங்கும், வாசலில் மீன்காரி கூப்பிடுவாள், மாமியார் வெந்நீர் கேட்பாள். முதல் பாட்டோடு எழுந்தால் கடைசிச் சண்டைக்குத்தான் திரும்ப வந்து உட்கார முடியும். பிறந்ததிலிருந்து ஒரு படத்தையாவது முழுசாக உட்கார்ந்து பார்த்தவள் என்று அந்தச் சங்கத்தில் ஒருத்தியும் இல்லை. சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நேரமாச்சு, உலை வைக்கணும் என்று எழுந்து போனார்கள்.

ஞானப்பூவும் அப்படித்தான் எழுந்து போனாள். அவளுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் ரெண்டும் மழைக்கு முந்தியே மழையைச் சொல்லும். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற வேதமாணிக்கத்தின் மனைவி. மகள் ஹெப்சி கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். மூத்தவன் ரூபன் எங்கே இருந்தான் என்பது தெரியாது. அதுதான் அவளுடைய ஜெபத்தின் முதல் வரியும் கடைசி வரியும்.

ரூபன் போனதுகூட அவளுக்குப் பாதிப் படம்தான். வேலை பார்த்த ஊரில் ஒரு வேற்றுச் சாதிப் பிள்ளையை, வாசுகி என்று பெயர், பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரு நாள் மத்தியானம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஞானப்பூ அப்போது கஞ்சி வடிக்கக் கவிழ்த்த பானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே சத்தம் கேட்டது. கரண்டுக்காரர்கள் யாரோ இவரைத் தேடி வந்து தர்க்கம் பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பானையை நிமிர்த்தி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வருகிறபோது கதவு சாத்தியிருந்தது. கதவில் முதுகை வைத்துக்கொண்டு வேதமாணிக்கம் மூச்சு வாங்கினார். ஜன்னல் வழியாக அவள் கண்டது மல்லிகைப்பூ வைத்த ஒரு பின்தலையும், பெட்டி தூக்கிய மகனின் கையும் மட்டும். அம்மாவும் உள்ளே இருந்துகொண்டு வெளியே வரவில்லை என்றுதான் அவன் நினைத்துக்கொண்டு போயிருப்பான். அது அப்படி இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு விலாசம் கிடைக்கவில்லை. போன் நம்பர் மாறியிருந்தது. பூனாவில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், சூரத் என்று இன்னொருவர் சொன்னார். வருஷங்கள் போயின. வேதமாணிக்கம் அந்தப் பெயரைச் சொல்கிறதில்லை. அவள் சொல்கிற நேரத்தில் அவர் மோட்டாரைப் போடப் போய்விடுவார்.

இந்தச் சமயத்தில்தான் ஹெப்சி, அம்மாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று, பட்டணத்துக் கம்பெனி ஒன்றில் தாயின் விலாசத்தைக் கொடுத்துச் சேர்த்துவிட்டாள். மாசச் சந்தா கட்டிவிட்டால் கம்பெனிக்காரன் மஞ்சள் உறையில் படத்தைத் தபாலில் அனுப்புவான். பார்த்துவிட்டு, உள்ளேயே இருக்கிற இன்னொரு உறையில் போட்டுத் தபால் பெட்டியில் சேர்த்தால் அடுத்த படம் வரும். தேரிக்குளத்தில் முதல் மஞ்சள் உறை ஞானப்பூ வீட்டுக்குத்தான் வந்தது. தபால்காரர் இசக்கியப்பன் அதைக் கல்யாணக் காகிதம் மாதிரி ரெண்டு கையாலும் கொடுத்தார். அடுத்த மாசம் நாலைந்து வீடுகள் சேர்ந்தன.

கடையா தபாலா, எது மேல் என்று ஊர் ரெண்டு கட்சியாயிற்று. கடைக் கட்சி சொன்னது, செல்வின் கடைக்குப் போனால் நினைத்த நேரத்தில் படம் கையில், கம்பெனிக்காரனானால் மழையென்றும் ஸ்டிரைக்கென்றும் வாரக்கணக்கில் காக்க வைக்கிறான், கேட்டது ஒன்று, வருவது ஒன்று. தபால் கட்சி சொன்னது, செல்வினிடம் ஒரு நாள் பிந்தினால் அபராதம், கம்பெனிக்காரன் கிறிஸ்துமஸ் வரை வைத்திருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டான். செல்வின் கடையில் என்ன படம் எடுக்கிறோம் என்று சந்தி முழுக்கப் பார்க்கும், உறைக்குள் இருப்பது உறைக்கும் நமக்கும்தான் தெரியும். அதற்குக் கடைக் கட்சி, உறைக்கு வாயில்லையே, இது உங்க வீட்டுக்கு ஆகாது, அம்மா உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா என்றது. அது நியாயம்தான். செல்வின் அப்படிப்பட்டவன். நெஞ்சுவலிக்காரர் வீட்டுக்கு அழுகைப் படம் கொடுக்க மாட்டான்.

ஞானப்பூ ஒரு நாள் கடைப் பக்கமாக மார்க்கெட்டுக்குப் போகையில் அவன் கூப்பிட்டு நிறுத்தினான்.

"எக்கா, அந்தத் தபால் பெட்டிகிட்ட போய், இந்தப் படம் நல்லா இருக்குமான்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க. பதில் சொல்லுதான்னு பாப்பம்."

"உன் கடைப் படத்துல நிக்கதெல்லாம் நான் தெனமும் பாக்க மூஞ்சிதானப்பா" என்றாள் அவள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் அவளிடமே திரும்பி வந்தது. கடைப் படம் நாலு தெருவுக்குள் சுற்றுகிறது, அதனால் நாலு தெருக்காரர்கள்தான் அதில் நிற்கிறார்கள். தபாலில் வந்த முதல் படத்தில் நின்றவர்கள் யாரையுமே அவளுக்குத் தெரியவில்லை. ஸ்வெட்டர் போட்டவர்கள், வடக்கத்திக் குளிரில் உட்கார்ந்து பார்த்தவர்களைப் போலக் கம்பளி போர்த்தியவர்கள், தமிழ்ப் படத்துக்கு ஏங்கி எங்கெங்கேயோ வாடகை வீடுகளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள். அந்தச் சி.டி. பூனாவுக்கும் போகும், சூரத்துக்கும் போகும். ரூபனும் எங்கேயோ ஓரிடத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் பார்ப்பானே. அவள் கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து மஞ்சள் உறை வந்தால் அவள் படம் பார்க்கிறதில்லை. ரிமோட்டை வைத்து ஓட்டிக் கூட்டம் வருகிற இடத்துக்கு நேரே போவாள். அங்கே நிறுத்துவாள். டி.வி.க்கு ஒரு முழத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இடது மூலையிலிருந்து அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். இல்லையென்றால் உறையில் போட்டு ஒட்டிவிடுவாள். ஹெப்சி, அம்மா இவ்வளவு வேகமா படம் பாக்காளே என்று ஆச்சரியப்பட்டாள்.

ஊர் என்றால் எந்த வீட்டிலும் வெளியே போன பிள்ளை ஒன்று இருக்கும்தானே. விஷயம் தெரிந்ததும் பாக்கியத்தாய் தன் தம்பியின் போட்டோவைக் கொண்டுவந்தாள். அவன் கப்பலில் போனவன். வண்ணான்விளையிலிருந்து ஒருத்தி புருஷன் போட்டோவோடு வந்தாள். மஞ்சள் உறை வந்தால் இசக்கியப்பன் சைக்கிள் மணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வருவார், மத்தியானம் சாப்பாடு ஒதுக்கிவிட்டு பெண்கள் ஞானப்பூ வீட்டில் கூடிவிடுவார்கள். ஒருத்தி ஜெபம் பண்ணுவாள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள் தங்கள் சாமியை நினைத்துக்கொள்வார்கள், பிறகு ஓட்டுவார்கள். யாரையாவது கண்டால் சந்தோஷம்தான், ஆனால் கண்டவர்கள் குறைவு. கப்பல்காரத் தம்பியை ஒரு மார்க்கெட் காட்சியில் கண்டார்கள், தடித்துப்போயிருந்தான். பாக்கியத்தாய், உசுரோட இருக்கான், எழுதத்தான் மனசில்ல என்று சொல்லி அன்றைக்கு எல்லோரையும்விட முந்தி வீட்டுக்குப் போனாள்.

வேதமாணிக்கம் இந்த நேரங்களில் பின்கட்டில் இருப்பார். கேட்டதும் கிடையாது, தடுத்ததும் கிடையாது. கண்ணாடி பழசாகிவிட்டது என்று அவள் ஒரு தரம் சொன்னதற்கு மறுநாளே கூட்டிக்கொண்டு போய் புதுசு மாற்றிக் கொடுத்தார்.

இப்படி ஒரு மழைக்காலம் போயிற்று, வெயில்காலம் போயிற்று. அவளுக்கு அலுத்துவிட்டது. ராத்திரி கண்ணை மூடினால் தெரியாத முகங்களாக வரிசையில் வந்தன. ஆண்டவரே, அவனை எனக்குக் காட்டும் என்று முழங்காலில் நின்று சொல்கிறபோதே பாதியில் தூங்கிப்போய்க் கட்டில் விளிம்பில் நெற்றி இடித்துக்கொண்டாள். சந்தாவை நிறுத்திவிடச் சொல்லி ஹெப்சியிடம் சொல்ல நினைத்திருந்தாள். அந்த வாரம் வந்தது ஒரு சிரிப்புப் படம். ஒரு மாட்டை வைத்துக்கொண்டு ரெண்டு பேர் அலைகிற கதை. அதில் கூட்டம் என்று இருந்தது ஒரே ஒரு இடம், பஸ் ஸ்டாண்டில் மாடு புகுந்து ஓடுகிறது. அவள் நிறுத்தினாள். இடது மூலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். டீக்கடைக்குப் பக்கத்தில் ரூபன் நின்றான்.

மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான். தோளில் ஒரு பெண் குழந்தை, அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு.

ஞானப்பூ எழுந்து டி.வி. கண்ணாடியில் கை வைத்தாள். விரல் பட்ட இடம் பிசுபிசுத்தது. பிறகுதான் பெண்களுக்கு வாய் வந்தது. பாக்கியத்தாய் மெதுவாக, அவன் கெட்டுன பிள்ளைய எங்க, கூட நிக்கக் காணலியே என்றாள். வண்ணான்விளைக்காரி, விட்டுட்டுப் போயிட்டாளோ என்னமோ, ஒத்தையில பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்கானே பாவம் என்று மூக்கைச் சிந்தினாள்.

"சும்மா இருங்கட்டி" என்றாள் ஞானப்பூ. "அந்தக் குட்டிக்குத் தலையப் பாருங்க. ரெட்டச் சடை, ரிப்பன் வச்சு மடிச்சுக் கட்டியிருக்கு. இவனா பின்னுனான்? அவ அடுப்படில நிப்பா. அப்பனும் பிள்ளையும் உக்காந்து படம் பாக்காவன்னா, உள்ள ஒருத்தி சோறு வடிக்கான்னு அர்த்தம்."

அப்படிச் சொன்னபோதுதான், ஒரு பின்தலையாக மட்டும் கண்டிருந்த மருமகளை அவள் முதல் தடவையாக முழுசாகப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தச் சி.டி.யை அவள் திருப்பி அனுப்பவில்லை. கம்பெனிக்காரனும் கேட்கவில்லை, அதுதான் தபாலில் உள்ள சவுகரியம். இசக்கியப்பன், மைனி, நீங்க வச்சுக்கிடுங்க, நான் ஒண்ணும் கண்டதில்ல என்றார். காலையில் எழுந்ததும் ஒரு தரம், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தரம் பஸ் ஸ்டாண்டைப் போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் திரும்பிப் பார்க்கையில் நடைவாசலில் வேதமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. இவள் திரும்பியதும் அவர் மோட்டாரைப் போடப் போய்விட்டார். அன்றைக்குத் தொட்டி நிரம்பி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர்.

செல்வின் கேள்விப்பட்டு வந்தான். அவனிடம் நகல் எடுக்கிற மெஷின் இருந்தது. எக்கா, நான் ஒரு பிரதி போட்டுத் தாரேன், ஒரிஜினல அனுப்பிருங்க என்று வாங்கிப்போய் மாலையிலேயே கொண்டுவந்தான். போட்டுப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு இருந்தது, மாடு ஓடியது, சம்பளத்துக்கு நடித்த ஆட்கள் சிதறி ஓடினார்கள். டீக்கடைக்குப் பக்கத்தில் வெறும் சைக்கிள் ஒன்று சாய்ந்து நின்றது. செல்வினுக்கு முகம் கறுத்துவிட்டது. தன் மெஷின் அவளுடைய மகனை அழித்துவிட்டது போலப் பதறி, ஒரிஜினலைப் போட்டுப் பார்த்து, ரூபன் அங்கேயே நிற்பதைக் கண்ட பிறகுதான் காப்பியைக் குடித்தான்.

குடித்துவிட்டுப் போகிறபோது வாசலில் நின்று, எக்கா, தபாலப் பத்தி நான் நல்லதாச் சொல்லவே மாட்டேன், ஆனா என் கடைப் படம் உங்க மகன்கிட்டப் போகாது, இது போகும் என்றான். சொன்னவன் தன் வாயைத் தானே நொந்துகொண்டவன் மாதிரிச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போட்டவளுக்குச் சொல்ல வரி கிடைக்கவில்லை. அவனை எனக்குக் காட்டும் என்று இத்தனை வருஷம் கேட்டது நடந்துவிட்டது. கடைசியில், என்னை அவனுக்குக் காட்டும் என்றாள். சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது. அனுப்பினால் போய்விடும். எத்தனை ஊர் சுற்றுமோ, கீறல் விழுந்து குப்பைக்குப் போகுமோ, திரும்ப அவன் வீட்டுக்கே போகும் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் குழந்தைகள் புதுப் படம் கேட்கிறதில்லை. பார்த்த படத்தையேதான் திரும்பத் திரும்பக் கேட்கும். மாடு ஓடுகிற படம் வேறு. அந்த ரெட்டைச் சடை அப்பாவைப் பிடுங்கி எடுத்து இன்னொரு தரம் வரவழைக்காதா? அதை நம்பித்தான் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்னே அவள் உள்ளே போய் நிற்க வேண்டும். அதற்கு அந்தப் படத்தை முதலிலிருந்து கடைசி வரை அவள் பார்த்தாக வேண்டும்.

பட்டுச் சேலையை உடுத்திக்கொள் என்றாள் பாக்கியத்தாய். வேண்டாம், அவனுக்குத் தெரிஞ்ச அம்மையாத்தான் நிக்கணும் என்று சாயம் போன வீட்டுச் சேலையிலேயே உட்கார்ந்தாள். கதாநாயகன் மாடு வாங்கப் புறப்படுகிற இடத்தில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. கால் தன்பாட்டுக்கு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டது, அங்கே போன பிறகுதான் தான் எழுந்தது அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் பால் வாங்கவில்லை. அன்றைக்கு மாடு தொலைகிற இடத்தில் கண் அயர்ந்துவிட்டாள். அவ்வளவு நேரம் சும்மா ஓரிடத்தில் உட்கார்ந்தால் அந்த உடம்புக்கு அதைத் தூக்கம் என்று மட்டும்தான் தெரிந்தது. விழித்தபோது 'வணக்கம்' போட்டிருந்தது. மாரடித்துக்கொள்ளவில்லை, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன், பின்கட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள்.

"இன்னைக்கு ஒரு நாள் சோத்த நீங்க பாத்துக்கிடுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

கரண்டுக் கம்பத்தில் ஏறி இடி மின்னலில் வேலை பார்த்த மனிதர், அடுப்படிக்குள் போய் நின்று நாலாப்பக்கமும் பார்த்தார். அவள் போய் எழுத்துப் போடுகிறதுக்கு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து ஏனம் உருளுகிற சத்தம் கேட்டது. தீப்பெட்டி எங்க என்று கேட்டார், திரும்பாமல் சொன்னாள். எத்தனை உழக்கு என்று கேட்டார், சொன்னாள். அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மாடு வாங்கினார்கள், மாடு தொலைந்தது, மாட்டைத் தேடிக்கொண்டு ஒருவன் பெண் வேஷம் போட்டான். மீன்காரி வாசலில் கூப்பிட்டாள்; வேதமாணிக்கம் போய், இன்னைக்கு அவ படம் பாக்கா, நாளைக்கு வா என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. மீன்காரி அரவமில்லாமல் போய்விட்டாள்.

இடைவேளை தாண்டி, பஸ் ஸ்டாண்டு வருகிறதுக்குக் கொஞ்சம் முந்தி, சோறு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. முதலில் லேசாக வந்தது. பிறகு புகையே வந்தது. தண்ணி ஊத்துங்க என்று ஒரு வாய் சொல்லியிருக்கலாம். சொல்லப் போனால் எழுந்துவிடுவோம் என்று பயந்து அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். ஸ்டூலின் ரெண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷமாக அந்த வாசத்துக்குத் தூக்கத்திலிருந்துகூட ஓடிப்போனவள், கண்ணில் நீர் வழிய, மாடு குட்டிச்சுவரில் ஏறி நிற்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அந்தப் படத்துக்கு அப்படி அழுதிருக்க மாட்டார்கள். 'வணக்கம்' வந்தது. இன்னும் சந்தேகத்துக்கு, திரை கறுத்துப்போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து பஸ் ஸ்டாண்டைப் போட்டாள். டீக்கடைக்குப் பக்கத்தில் ரூபன் நின்றான், தோளில் குழந்தை. அவனுக்கு வலது பக்கம், குழந்தையின் பாதம் காதில் உரசுகிற நெருக்கத்தில், சாயம் போன சேலையில் அவள் நின்றாள். கண் திறந்திருந்தது. வந்து வெகு காலமாகிவிட்டவளைப் போல நின்றாள்.

வேட்டி நனைந்து, கையில் கரி பிடித்து, வேதமாணிக்கம் அடுப்படியிலிருந்து வந்து பின்னால் நின்றார். அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், குழந்தையைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு அவருடைய கண் கூட்டத்தில் இங்கும் அங்கும் தேடியது.

"நான் எங்கன?"

"நீங்க அடுப்படிலல்லா இருந்திய" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அடிப்பிடித்ததில் மேலாக எடுத்து ரெண்டு பேரும் மோர் விட்டுச் சாப்பிட்டார்கள். அவள் உறையை எடுத்துவைத்தாள். இசக்கியப்பன் வந்தால் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் அவர் குளித்துவிட்டு, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல்ல இருந்து போடு என்றார்.

அவள் ரிமோட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். படம் யாருக்கும் முகதாட்சணியம் பார்க்கிறதில்லை. குருவானவரையே பனியனும் சாரமுமாக நிறுத்தியது. கதவில் முதுகை வைத்து நின்ற மனிதரை அது டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்துமா, பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் மூத்திரச் சந்தில் நிறுத்துமா என்று யாரால் சொல்ல முடியும்? அப்படி நிறுத்திவிட்டால் மகன் பார்க்கப்போவதும் அதைத்தானே. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமல் போட்டாள். அவர் முதுகை நிமிர்த்தி, ரெண்டு கையையும் தொடைமேல் வைத்து, ஒரு சிரிப்புக்கும் சிரிக்காமல், இமை கொட்டக்கூடக் கணக்குப் பார்க்கிறவரைப் போல அந்த மாட்டுப் படத்தை முழுவதும் பார்த்தார்.

முடிந்ததும் அவள் பஸ் ஸ்டாண்டைப் போட ரிமோட்டை எடுத்தாள். அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் தடவித் தடவித் தானே சி.டி.யை வெளியே எடுத்தார். உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினார்.

"பாக்க வேண்டாமா?" என்றாள்.

"நான் எங்கன நிக்கேன்னு அவன் பாத்துக்கிடட்டும்."

இசக்கியப்பனுக்குக் காத்திருக்காமல், அந்த வெயிலில் சந்தித் தபால் பெட்டிக்குப் புறப்பட்டுவிட்டார். படி இறங்கும்போதுதான் அவளுக்குக் கண்ணில் பட்டது, சட்டையில் ஒரு பட்டனைத் துளை மாற்றிப் போட்டிருந்தார், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கூப்பிட வாயெடுத்தாள். இனிக் கூப்பிட்டு என்ன, எங்கே நிற்கிறாரோ அங்கேயும் இப்படித்தான் நிற்பார் என்று விட்டுவிட்டு, கருகின பானையை ஊறப்போடப் போனாள்.